வெற்றி-இரண்டின் மிகச்சிறந்த நோயாளி

ஒரு மனிதனின் குரலுக்கு அந்த ஆய்வு நிலையம் நிர்ணயித்திருந்த விலை: போக வர பஸ் காசு, ஒருவேளைச் சாப்பாட்டுக்குச் சீட்டு, நிலையத்தின் முத்திரை அச்சிட்ட துணிப்பை ஒன்று. பையின் கைப்பிடி நல்ல கெட்டி. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குரலுக்குச் சொந்தக்காரர் வெங்காய மண்டியில் ஏலம் கூறுகிறவர். அங்கே அவருக்குப் பெயர் மைக்செட். லாரிகள் இரைய, மூட்டை தூக்குகிறவர்கள் கத்த, நடுவில் கவிழ்த்த கூடையின் மேல் ஏறி நின்று அவர் விலை கூவினால், எதிர்த்த தெருவில் தூங்குகிற குழந்தை எழுந்துவிடும். தாய் வந்து சண்டை பிடிப்பாள். அவர் மன்னிப்புக் கேட்பார். அந்த மன்னிப்பில் இன்னும் இரண்டு குழந்தைகள் எழுந்துவிடும்.

ஒரு நாள் காலை, ஒரு குவியலுக்கு விலை ஏறிக்கொண்டிருந்தபோது அவருடைய வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. வலது கை தொங்கியது. கூடையிலிருந்து சரிந்தார். ஏலம் பாதியில் நின்றதால் அந்தக் குவியல் கடைசியாகக் கேட்டவருக்கு அடிமாட்டு விலைக்குக் கிடைத்தது. அவர்தான் முதலில் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். நன்றி தெரிந்த மனிதர்.

மண்டி வாசலில் பாத்திரக் கடை வைத்திருக்கும் மனைவி, கடையைத் திறந்தபடியே விட்டுவிட்டு ஓடிவந்தாள். அவளுடைய தம்பி சரக்கு வேன் ஓட்டுகிறவன். மூட்டைகளை இறக்க நேரமில்லாமல், மூட்டையோடு மூட்டையாக மாமாவையும் ஏற்றிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் பறந்தான்.

அந்த ஆஸ்பத்திரியில் கீழ்த்தளம் வைத்தியத்துக்கு. மேல்தளம் முழுக்க மூளை நல ஆய்வு நிலையம். கீழே மின்விசிறி கிறீச்சிட்டுக்கொண்டே சுற்றும். மேலே கண்ணாடிக் கதவுகள் சத்தமில்லாமல் தாமாகவே திறக்கும். டாக்டர் வருவதற்கு முன்பே, கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு பெண் மேல்தளத்திலிருந்து கோப்போடு வந்துவிட்டாள். ஆய்வின் ஒருங்கிணைப்பாளர்.

"நல்ல நேரத்துல கொண்டுவந்தீங்கம்மா. வெற்றி-ரெண்டுல இன்னும் இடம் இருக்கு."

"அது என்னம்மா வெற்றி-ரெண்டு?"

"எங்க ஆய்வோட பேரு. ரத்தக்கட்டியைக் கரைக்கிற மருந்து. பாதிப் பேருக்குப் பழசு, பாதிப் பேருக்குப் புதுசு. யாருக்கு எதுன்னு யாருக்கும் தெரியாது."

"டாக்டருக்கு?"

"அவருக்கும் தெரியாது. கம்ப்யூட்டருக்குத்தான் தெரியும்."

"வெற்றி-ஒண்ணு ஜெயிச்சுதா?" என்று தம்பி கேட்டான்.

"அதனாலதான் ரெண்டு நடத்தறோம்."

"சேராட்டி என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. கீழ வரிசையில உட்காரணும்."

வரிசை கதவைத் தாண்டி, நடையைத் தாண்டி, வாசல் வரைக்கும் இருந்தது. அதில் பாதிப் பேர் உட்காரவில்லை, படுத்திருந்தார்கள்.

நோயாளிக்கு நினைவு இருந்தால் சம்மதத்தை அவரே சொல்ல வேண்டும் என்பது விதி. மனித உரிமையில் அந்த நிலையம் விட்டுக்கொடுப்பதே இல்லை. ஒருங்கிணைப்பாளர் கட்டில் பக்கம் குனிந்தாள்.

"ஐயா, ஆய்வுல சேர சம்மதமா?"

"ஆமா."

"மூளையில ரத்தம் கசியலாம். புரியுதா?"

"ஆமா."

"ஏதாவது கேள்வி இருக்கா?"

"ஆமா."

பேனாவைப் பிடித்தபடி அவள் காத்திருந்தாள். அவர் அவளையே பார்த்தார். வேறெதுவும் வரவில்லை. 'நோயாளியின் ஐயங்கள் யாவும் தீர்க்கப்பட்டன' என்று எழுதிக்கொண்டாள்.

"தம்பி, எதைக் கேட்டாலும் மனுஷன் ஆமாங்கிறாருடா" என்றாள் மனைவி.

"கல்யாணமான நாள்லேர்ந்து மாமா அப்படித்தானேக்கா."

அந்த நேரத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்காகத் தம்பி மேல் அவளுக்கு இன்னும் கோபம்.

மருந்து ஏறியது. மறுநாள் மதியம் அவர் தலையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் ரத்தம் கசிந்திருந்தது. மனைவி படிக்கட்டேறி மேல்தளத்துக்குப் போனாள். கண்ணாடிக் கதவு அவளுக்கும் திறந்தது. யாருக்குத் திறக்கிறோம் என்று அதற்குத் தெரியாதல்லவா.

நிலையத்தின் தலைவர் வெள்ளைக் கோட்டின் பையில் மூன்று பேனா வைத்திருந்தார். அவள் அழுவதை முழுவதும் கேட்டுவிட்டு அமைதியாகச் சொன்னார்:

"ரத்தம் கசிஞ்சிருக்கு. இல்லேன்னு நான் சொல்லல. ஆனா அது சிக்கல் இல்ல."

"என்னங்க சார், மண்டைக்குள்ள ரத்தம்ங்கிறீங்க, சிக்கல் இல்லேங்கிறீங்க?"

"கை, கால், பேச்சு, பார்வை எல்லாத்துக்கும் புள்ளி போடறோம்மா. கசிவுக்கு அப்புறம் நாலு புள்ளி மோசமானாத்தான் சிக்கல். உங்க வீட்டுக்காரருக்கு மூணுதான்."

அவள் பாத்திரக் கடைக்காரி. ஒரு எண்ணைக் கேட்டுவிட்டு அப்படியே எழுந்துவருவது அவள் பரம்பரையிலேயே கிடையாது.

"மூணு போட்டீங்க. கொசுறா ஒண்ணு போட்டா என்ன சார் குறைஞ்சுடும் உங்களுக்கு?"

"இது விஞ்ஞானம்மா. இங்க பேரம் கிடையாது."

மைக்செட் பிழைத்தார். கால் திரும்பியது. கை முக்கால்வாசி திரும்பியது. வீட்டுக்கு அனுப்பும்போது துணிப்பையைக் கொடுத்தார்கள். பேச்சு மட்டும் மேல்தளத்திலேயே தங்கிவிட்டது. மிஞ்சியது ஒரே வார்த்தை.

ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்தலாம். வியாபாரம் நடத்த முடியாது. அதுவும் அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு. வீட்டு வாசலுக்கு வந்த ஒருவன் "தண்ணி சுத்தம் பண்ற மிஷின் வேணுமா சார்?" என்று கேட்டு இரண்டு மிஷின் மாட்டிவிட்டுப் போனான். பக்கத்து வீட்டுக்காரன் "ஏணியை நானே வச்சுக்கவா?" என்று கேட்டான், வைத்துக்கொண்டான். மண்டி முதலாளி பழைய பாசத்தில் கூப்பிட்டனுப்பி, ஒருநாள் கூடையில் ஏற்றிப் பார்த்தார்.

"முப்பதுக்குத் தர்றீங்களா?" என்றான் ஒரு வியாபாரி.

"ஆமா."

"இருபது?"

"ஆமா."

"சும்மா?"

"ஆமா."

மண்டியே சிரித்தது. மைக்செட்டும் சிரிக்கப் பார்த்தார். வாய் ஒரு பக்கம்தான் வந்தது. முதலாளி அவரைக் கைத்தாங்கலாக இறக்கி நாற்காலியில் உட்காரவைத்து, "ரெஸ்ட் எடுங்கண்ணே, எவ்வளவு நாளானாலும்" என்றார். எவ்வளவு நாளானாலும் என்று முதலாளி சொன்னால் என்ன அர்த்தம் என்று மண்டியில் எல்லோருக்கும் தெரியும். அன்று ராத்திரி மைக்செட் சாப்பிடவில்லை. பசிக்கவில்லையா என்று மனைவி கேட்டாள். ஆமா என்றார். பசிக்கிறதா என்று கேட்டாள். அதற்கும் அதையே சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

விசாரித்ததில், அதே மேல்தளத்தில் பேச்சுப் பயிற்சிக்கு ஓர் அறை இருக்கிறது என்று தெரிந்தது. ஊரில் வேறெங்கும் கிடையாது. கணவரைக் கூட்டிக்கொண்டு போனாள். ஒரு மேசை, ஒரு கண்ணாடி, பூனை, சாவி, செருப்பு என்று படம் போட்ட அட்டைகள். பயிற்சியாளரான இளம்பெண் அந்த அட்டைகளை வைத்துத் தனியாக விளையாடிக்கொண்டிருந்தாள்.

அவரைச் சிறிது நேரம் சோதித்துவிட்டு, "வருங்க்கா. இவருக்கு வரும். நாம சொல்றது பாதிக்கு மேல புரியுது" என்றாள். "முதல்ல 'இல்ல'ங்கிற வார்த்தையைத்தான் எடுப்பேன். அது வந்துட்டா மத்ததெல்லாம் பின்னாடியே வந்துடும். ஆனா சீக்கிரம் ஆரம்பிக்கணும். நாள் போகப் போக கஷ்டம்."

"நாளைக்கே வர்றோம் கண்ணு."

"அப்படி வர முடியாதுக்கா. மூணாவது மாசம் தரம் போடுவாங்க. பூஜ்யம்னா பழையபடி முழு ஆள். ஆறுன்னா செத்துட்டார். ரெண்டும் அதுக்கு மேலயும் வாங்கினவங்களைத்தான் இங்க அனுப்பணும்."

"அறை காலியா இருக்கேம்மா?"

"எல்லாருக்கும் பூஜ்யமும் ஒண்ணுமாத்தானே போடறாங்க. எங்கிட்ட ஒரு ஆளை அனுப்பினா அவங்க ஒரு ஆள்ல தோத்த மாதிரி."

ஆக, வீட்டில் எல்லோருடைய நினைப்பும் அந்த ஒரு எண்ணில் வந்து நின்றது. இரண்டு கிடைக்க வேண்டும். பிள்ளை பரீட்சையில் தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிற பெற்றோரைப் போல அவள் காத்திருந்தாள்.

தரம் போடுகிறவருக்குக் கண்மூடி மதிப்பீட்டாளர் என்று பதவி. யாருக்கு எந்த மருந்து என்று தெரிந்தால் மனசு சாய்ந்துவிடுமாம். அதனால் அவரை வேறொரு கட்டடத்தில் வைத்திருந்தார்கள். நோயாளியின் முகத்தைப் பார்த்தாலும் சாயும் என்பதால் எல்லாம் தொலைபேசியில். எதுவும் தெரியாமல் இருப்பதற்காக அவருக்குத் தனிப் பயிற்சி கொடுத்துச் சான்றிதழும் கொடுத்திருந்தார்கள்.

போன் வந்தது. தம்பி ஸ்பீக்கரில் போட்டான்.

"வணக்கம் ஐயா. நடக்கிறீங்களா?"

"ஆமா."

"சாப்பிடறது, குளிக்கிறது எல்லாம் நீங்களேவா?"

"ஆமா."

"பழைய வேலைக்குப் போறீங்களா?"

"ஆமா."

"ஐயோ, போகலீங்க!" என்று மனைவி கத்தினாள். "அவருக்குப் பேச வராதுங்க சார்!"

"யாரது? குடும்பத்தார் பேசக் கூடாது. விதிமீறல். ஐயா, பேச்சுல ஏதாவது குறை இருக்கா?"

"ஆமா."

மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது. மதிப்பீட்டாளருக்குக் குழப்பம். இத்தனை ஆமாவுக்கு நடுவில் இந்த ஆமா பொருந்தவில்லை. பயிற்சி பெற்ற மனிதர். கேள்வியைத் திருத்திக் கேட்டார்.

"நல்லாத்தானே பேசறீங்க? குறை ஒண்ணும் இல்லதானே?"

"ஆமா."

"ரொம்ப சந்தோஷம். எவ்வளவு தெளிவா பதில் சொல்றீங்க! சில பேர் கேள்விக்குப் பதில் சொல்லாம கதை பேசுவாங்க."

தரம் ஒன்று.

மனைவி முறையிட்டாள். முறையீட்டை முடிவு நிர்ணயக் குழு விசாரிக்கும் என்று சொல்லி, அவளையும் தம்பியையும் நடையில் ஒரு பெஞ்சில் உட்காரவைத்தார்கள். அன்று பார்த்துக் கண்ணாடிக் கதவு பழுது. பாதி திறந்து நின்றுவிட்டது. உள்ளே நடந்ததெல்லாம் வெளியே கேட்டது.

"இந்தப் பேருந்து நடத்துனர், செத்துப்போனவர். இவரை எதுல வைக்கிறது?"

"எதனால செத்தார்?"

"முழுங்க முடியல. சாப்பாடு நுரையீரலுக்குள்ள போயிடுச்சு."

"அப்போ சாப்பாட்டால செத்திருக்கார். நம்ம மருந்துக்கு என்ன சம்பந்தம்?"

"பக்கவாதம் வந்ததாலதானே முழுங்க முடியல?"

"அவ்வளவு தூரம் போனா, பொறந்ததாலதான் செத்தார்னு வரும். 'தொடர்பில்லாத மரணம்'னு போடுங்க."

"போடறேன். ஆனா என்னோட தையல்காரம்மாவை ரெண்டுலேருந்து ஒண்ணுக்கு இறக்குங்க. போன தடவை உங்க வாத்தியாரை நான் விட்டுக்கொடுத்தேன்ல?"

"தையல்காரம்மாவுக்கு ஒரு கை வராதே."

"இன்னொரு கை வருதே. நாம ஏன் எப்பவும் இருட்டுப் பக்கத்தையே பார்க்கணும்?"

"சரி, ஒண்ணு. அடுத்தது யாரு, அந்த ஆமா சொல்றவரா? பாவம், அவர் பிரச்சினையே பண்றதில்ல. அவரை மாதிரி நூறு பேர் கிடைச்சா வெற்றி-மூணே தேவைப்படாது. ஒண்ணுலேயே இருக்கட்டும்."

தம்பி அக்காவின் காதருகே சொன்னான்: "இங்க பேரம் கிடையாதுன்னாரேக்கா!"

"நம்மளோட கிடையாதுன்னிருக்காரு. நமக்குத்தான் புரியல."

"மண்டியில தராசாவது கண்ணு முன்னாடி தொங்கும்."

அடுத்த வாரம் வெற்றி விழா. பெரிய அரங்கம், மேடையில் பூங்கொத்துகள், மருந்துக் கம்பெனியின் பெயர் ஒவ்வொரு நாற்காலியின் முதுகிலும். மைக்செட்டுக்கு அழைப்பு வந்திருந்தது. மிகச்சிறந்த முன்னேற்றம் கண்ட நோயாளி என்று கேடயம் தரப்போகிறார்களாம். மனைவி அவருக்குச் சலவைச் சட்டை போட்டுவிட்டாள். முன்வரிசையில் உட்கார்ந்தார்கள்.

தலைவர் பேச எழுந்தார்.

"பக்கவாதம் மனிதனின் பேச்சைப் பறிக்கிறது. கவலை வேண்டாம். அவர்களுக்காக நாம் பேசுகிறோம். நான் மட்டுமே இருபது நாடுகளில் பேசியிருக்கிறேன். விமானம், ஓட்டல் எல்லாம் கம்பெனி செலவு, நேரம் மட்டும்தான் என் செலவு. இந்த ஆய்வில் ஒரு நோயாளிகூட இதுவரை புகார் சொன்னதில்லை. பேச முடிந்தவர்கள் உட்பட! சிக்கல்கள் மிகக் குறைவு. ஏனென்றால் சிக்கல் என்றால் என்ன என்பதை நாம் ஆரம்பத்திலேயே கவனமாக முடிவு செய்துவிட்டோம். நோயாளிகள் வருவார்கள், போவார்கள். சிலர் போயே போய்விடுவார்கள். தரவு நிற்கும். இனி நான் பேசுவதைவிட, குணமான ஒருவரே பேசுவதுதான் பொருத்தம்."

மைக்செட்டை மேடைக்கு அழைத்தார்கள். அவர் தாமே படியேறினார். கைதட்டல். தலைவர் ஒலிவாங்கியை அவர் வாயருகே பிடித்தார்.

"நல்லா இருக்கீங்களா ஐயா?"

"ஆமா."

"எங்க சிகிச்சையாலதானே குணமானீங்க?"

"ஆமா."

அரங்கம் அதிர்ந்தது. மைக்செட் கூட்டத்தைப் பார்த்தார். அவ்வளவு பேரும் தன் குரலுக்காகக் கைதட்டுகிறார்கள் என்று நினைத்திருப்பார் போல. நெஞ்சை நிமிர்த்தி, பழைய உயரத்துக்கு வந்து நின்றார். அதைப் பார்த்ததும் மனைவிக்குப் பொறுக்கவில்லை. எழுந்து மேடைக்குப் போய், தலைவர் கையிலிருந்த ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நானும் ரெண்டு கேக்கறேன். ஏங்க, இந்த சாரு உங்களை ஏமாத்தினாரா?"

"ஆமா."

கைதட்டல் நின்றது.

"இங்க உட்கார்ந்திருக்கிற டாக்டருங்க அத்தனை பேரும் திருடங்களா?"

"ஆமா."

"நீங்க செத்துப்போயிட்டீங்களா?"

"ஆமா" என்றார் மைக்செட். மூன்றையும் ஒரே மரியாதையோடு சொன்னார்.

நிலையத்தின் புள்ளிவிவர நிபுணர்தான் முதலில் சுதாரித்தவர். மேடைக்கு ஓடிவந்து தலைவர் காதில் சொன்னது ஒலிவாங்கி வழியாக எல்லோருக்கும் கேட்டது.

"சார், நோயாளி தானே தெரிவிச்ச மரணம். விதிப்படி ஆறு போடணும். போன்ல ஒண்ணு, மேடையில ஆறு. கூட்டிச் சராசரி எடுத்தா மூணரை."

"மூணரையே போடுங்க!" என்றாள் மனைவி. "ரெண்டுக்கு மேலதானே? நாளைக்கே பயிற்சிக்குக் கூட்டிட்டு வர்றேன்."

பத்திரிகைக்காரர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். தலைவர் அதைப் பார்த்தார். புன்னகைத்து, அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நிச்சயமா. திங்கட்கிழமை வாங்க. உங்களுக்கு இல்லாத பயிற்சியா!"

மறுபடியும் கைதட்டல். இந்தத் தடவை முன்னைவிடப் பலமாக.

திங்கட்கிழமை அவருக்குத் தலைவாரி, அதே சட்டையைத் துவைத்துப் போட்டுக் கூட்டிப்போனாள். ஒருங்கிணைப்பாளர் பட்டியலில் தேடினாள்.

"அவர் ஆய்வுல இல்லையேம்மா. சனிக்கிழமையே விலகிட்டார்."

"யாரு விலகினது?"

"அவரேதான். நீங்க கடைக்குப் போயிருந்தீங்க. நாங்க வீட்டுக்கே போய்ப் படம் பிடிச்சோம், சாட்சியோட. பாருங்க."

கையடக்கத் திரையில் அவள் வீட்டுக் கூடம் தெரிந்தது. அவள் வீட்டு நாற்காலியில் அவள் கணவர்.

'ஐயா, சொந்த விருப்பத்தோட ஆய்விலிருந்து விலகறீங்களா?'

'ஆமா.'

'யாரும் கட்டாயப்படுத்தலைதானே?'

'ஆமா.'

"அடிப்பாவி" என்றாள் மனைவி. "அன்னைக்கு விழாவுல நீயும்தானே இருந்தே? செத்துட்டேன்னு சொன்னதைக் கேட்டேல்ல?"

"அது விழாவுலம்மா. இது முறைப்படி வாங்கினது." குரல் கொஞ்சம் தாழ்ந்தது. "எனக்கு மேலேருந்து சொன்னாங்க. நான் சொல்றதைத்தானே செய்யணும்."

பயிற்சியாளர் தன் அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மனைவி அவள் பக்கம் திரும்பியதும் தலையைக் குனிந்துகொண்டாள். "விலகினவரைத் தொடக் கூடாதுன்னு எழுத்துல குடுத்துட்டாங்கக்கா. வெளியிலயும் கூடாதாம்." பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே அட்டைகளை அடுக்கும் சத்தம் கேட்டது.

மனைவி அங்கேயே நின்று கத்தினாள். மண்டியில் அடுத்த தெருவுக்குக் கேட்கிற கத்தல். ஆனால் மேல்தளத்தின் சுவர்களில் சத்தத்தை விழுங்குகிற பஞ்சு வைத்திருந்தார்கள். காவலாளி வந்தார். மரியாதையாகத்தான் இறக்கிவிட்டார்.

சில மாதங்கள் கழித்து, வெற்றி-இரண்டின் முடிவுகளை ஆஸ்பத்திரி வாசலில் பெரிய பலகையாக மாட்டினார்கள். சேர்ந்தவர்கள் முந்நூறு. நலமடைந்தவர்கள் இருநூற்றுப் பதினான்கு. சிறு குறைகளுடன் நாற்பத்தொன்று. மரணம் நாற்பத்து நான்கு. அதில் தொடர்பில்லாதவை நாற்பத்து மூன்று. கடைசிக் கட்டத்தில், கொட்டை எழுத்தில்: புகார்கள், பூஜ்யம்.

மனைவி பலகைக்கு முன்னால் நின்று வாய்க்குள் கூட்டினாள். மறுபடியும் கூட்டினாள். பிறகு விசாரணைச் சன்னலுக்குப் போனாள்.

"கணக்கு உதைக்குதே சார். ஒரு ஆள் குறையுது."

சன்னலில் இருந்தவர் எட்டிப் பார்த்தார். "அது விலகினவர்மா. கணக்குல வரமாட்டார்."

"சேந்தவங்க முந்நூறுல வந்திருக்காரே?"

"அது சேந்த கணக்கு. இது முடிவுக் கணக்கு."

"அப்போ அந்த ஆள் எங்க போனாருன்னு யாரு சொல்றது?"

அவர் அடுத்தவரைக் கூப்பிட்டார்.

வரவு முந்நூறு. பற்று இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது. பாக்கி ஒன்று. அது வெளியே தம்பியின் வேனில், முன் இருக்கையில், சன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தது.